யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து: சென்னையில் இரண்டு மணிப்பூர்ப் பெண்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு உதவும் ஒரு சின்ன மையத்தில் வேலை பார்க்கிறேன். இ.எஸ்.ஐ அட்டை, பாக்கிச் சம்பளம், வீட்டு அட்வான்ஸ் திரும்ப வராதது, இந்த மாதிரி விஷயங்கள்தான் வழக்கமாக எங்களிடம் வரும். இங்கே எழுதுவது அந்த வரிசையில் சேராத ஒரு விவகாரம். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்ததில் தொடங்கி 2024 கடைசி வரை இழுத்தது. சம்பந்தப்பட்ட இருவரும் இதை (இந்தியில் சொல்லக் கேட்டு) ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே விடுகிறேன். ஊர், வயது, கடை இருக்கும் பகுதி போன்றவற்றை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன். பெயருக்குப் பதில் மூத்தவர், இளையவர் என்றே வைத்துக்கொள்வோம், வயதில் அப்படித்தான்.

பின்னணி

மூத்தவர் சுராசந்த்பூர் மாவட்டத்து மலைக் கிராமத்துக்காரர், பைத்தே பழங்குடி, கிறிஸ்தவர். இளையவர் இம்பால் பக்கம், மெய்தி, வைணவக் குடும்பம். இருவரும் ஒரே அழகு நிலையத்தில் வேலை, ஒரே மாடி அறையில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். கடை முதலாளியம்மாதான் அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தது. மணிப்பூர்க்காரர்கள் இரண்டு பேர், ஒத்துப்போவார்கள் என்று நினைத்தார். ஒத்தும் போனார்கள்.

மணிப்பூரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நிலப்பரப்பில் தலைநகர் இம்பால் இருக்கும் பள்ளத்தாக்கு சுமார் பத்தில் ஒரு பங்குதான், மீதியெல்லாம் மலை. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 28 லட்சத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் மெய்திகள், பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள். மலைகளில் நாகர்களும், குக்கி என்றோ ஸோ என்றோ பொதுவாகச் சொல்லப்படும் பல பழங்குடிகளும் இருக்கிறார்கள். அந்தப் பொதுப்பெயரிலேயே தகராறு உண்டு. பைத்தேக்களில் பலர் தங்களை ஸோமி என்பார்கள், தாடோக்களில் ஒரு சாரார் நாங்கள் குக்கியே இல்லை என்பார்கள், கலவரத்துக்குப் பிறகு குக்கி-ஸோ என்று சேர்த்துச் சொல்வது பரவியது. மெய்திகளின் மொழியான மணிப்புரி 1992-இல் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது, மலையில் இருப்பவர்களுக்கும் சந்தையில், ஆபீசில் அதுதான் பொது மொழி. அதனால் மூத்தவருக்கு மணிப்புரி நன்றாக வரும். இளையவருக்கோ பைத்தே ஒரு வார்த்தை தெரியாது. ஊரில் யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்பது அந்த அறைக்குள்ளும் இப்படி வந்து உட்கார்ந்திருந்தது, ஆனால் சென்னைத் தெருவில் இரண்டு பேருமே ஒரே மாதிரி அந்நியர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2012 ஆகஸ்டில், அசாமில் கோக்ரஜார் பக்கம் நடந்த வன்முறைக்குப் பிறகு குறுஞ்செய்தியில் கிளம்பிய வதந்தியை நம்பி, பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கான வடகிழக்குக்காரர்கள் சிறப்பு ரயில்களில் குவாஹாட்டிக்குத் திரும்பினார்கள். சென்னையிலிருந்தும் போனார்கள். ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்ப முடியாதபடி அரசு கொஞ்ச நாள் கட்டுப்பாடு வைத்தது. எங்கோ தூரத்தில் நடப்பது கைபேசி வழியாக இங்கே ஒரு அறைக் கதவைத் தட்டும் என்பது எங்கள் மையத்துக்குப் புதிய பாடம் இல்லை.

மே 2023க்கு முன்பு

மூத்தவர் இ.எஸ்.ஐ வேலையாக அடிக்கடி வந்ததால் பழக்கம். அவர் யாரிடம் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதை நான் ஆராய்ச்சி செய்யவில்லை, கூடவே இருந்ததால் கண்ணில் பட்டது.

ஆட்டோக்காரரிடம் 'நார்த் ஈஸ்ட்'. அதற்கு மேல் கேட்டால் மணிப்பூர், அதற்கும் மேல் அது இந்தியாவிலா என்று கேட்டால் ஆதார் அட்டை. வீட்டுக்கார அம்மாவிடம் பேசியதெல்லாம் இளையவர்தான், நாங்கள் கிருஷ்ணரைக் கும்பிடுகிறவர்கள் என்று அவர் சொன்னதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூத்தவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைப் பற்றி அந்த அம்மா கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. இருவரும் ஙாரி என்கிற நொதித்த மீனைப் போட்டுச் சமைக்கும் நாட்களில் மட்டும் பிரச்சினை வரும். அப்போது வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு பேருமே 'அந்த ஊர் ஆளுங்க' ஆகிவிடுவார்கள்.

கடையில் கதையே வேறு. கொரியத் தொடர் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள் அதிகம். முதலாளியம்மா 'கொரியன் கிளாஸ் ஸ்கின் ஃபேஷியல்' என்று பலகை வைத்து அதில் இளையவர் படத்தைப் போட்டார். கொரியாவா என்று கேட்டால் இருவரும் சிரிப்பார்கள், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இதை யாராவது ஏமாற்று என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நம்மை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டாலும் அதைத்தான் செய்வோம்.

சனி, ஞாயிறு மாலைகளில் இருவரும் பிரிந்து போவார்கள். மூத்தவர் தன் மொழி பேசுகிறவர்கள் இரவல் வாங்கிய சர்ச் கூடத்தில் நடத்தும் ஆராதனைக்குப் போவார். அங்கே யாரும் சுராசந்த்பூர் என்று சொல்வதில்லை, லம்கா என்பார்கள், மணிப்பூர் என்ற சொல்லே அதிகம் காதில் விழாது. இளையவர் மெய்தி நண்பர்களோடு யாவ்ஷாங், நிங்கோல் சாக்கௌபா என்று பண்டிகை கொண்டாடுவார். அங்கே மணிப்பூர் என்றால் அது முழுக்க அவர்களுடையது. இரவு அறைக்குத் திரும்பியதும் மணிப்புரியில் அரட்டை, இளையவர் மூத்தவரை அவர்கள் மொழியில் அக்கா என்று, 'இச்சே' என்று கூப்பிடுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் எனக்கு நிறையப் புரியவைத்தது. கடைக்கு வரும் வயதான ஒரு அம்மா, பர்மா எல்லையில் இருக்கும் மோரே என்ற ஊரில் வளர்ந்த தமிழர். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களில் சிலர், கப்பலில் வந்து தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல், தரை வழியாகவே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்து, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டி, இட்லிக் கடை போட்டு, குக்கிகளோடும் மெய்திகளோடும் வியாபாரம் செய்து வாழ்ந்தவர்கள். இந்த அம்மா முதல் நாளே மணிப்புரியில் பேசி, நீ மெய்தி, நீ மலைப் பொண்ணு, எந்தக் குலம் என்று நேரடியாகக் கேட்டுவிட்டார். இருவரும் தயங்காமல் முழு விவரம் சொன்னார்கள். ஊரைத் தெரிந்த, ஆனால் எந்தப் பக்கமும் சேராத ஒருவர் முன்னால்தான் அது முடிந்தது. தெரியாதவர் முன்னால் விவரம் சொல்வது வீண், தெரிந்தும் ஒரு பக்கம் நிற்பவர் முன்னால் சொல்வது ஆபத்து.

மே 2023க்குப் பின்

மே 3-ஆம் தேதி, மெய்திகளுக்குப் பழங்குடித் தகுதி கொடுக்கும் கோரிக்கையை எதிர்த்து மலை மாவட்டங்களில் பேரணி நடந்தது. அன்றே மெய்திகளுக்கும் குக்கி-ஸோ பழங்குடிகளுக்கும் இடையே கலவரம் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அறுபதாயிரம் பேர் அளவுக்கு வீடிழந்தார்கள், இரு தரப்பிலும் வீடுகள் எரிந்தன. இணையம் பல மாதங்கள் முடக்கப்பட்டது. குக்கி-ஸோக்கள் இம்பாலுக்குள் கால் வைக்க முடியாமல் போனது, மெய்திகள் அவர்களுடைய மலைப் பகுதிக்குப் போக முடியாமல் போனது. மூத்தவர் ஊருக்குப் போவதென்றால் இம்பால் விமான நிலையத்தை மறந்துவிட்டு, மிசோரத்தின் ஐஸ்வால் வரை பறந்து அங்கிருந்து மலைப்பாதையில் லம்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. அவருடைய அம்மா நிவாரண முகாமில். இளையவரின் பெரியப்பா குடும்பமும் மலையடிவாரக் கிராமத்திலிருந்து விரட்டப்பட்டு இம்பாலில் ஒரு முகாமில்.

அறைக்குள் சண்டை வரவில்லை. வேறு ஒன்று நடந்தது. மூத்தவர் அம்மாவோடு பேசும்போது அந்தப் பக்கம் முகாமில் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், பின்னால் யாராவது மணிப்புரி பேசினால் அவர்கள் காதில் விழும். அதனால் அழைப்பு வந்தாலே இளையவர் மாடிப்படிக்குப் போய்விடுவார். இளையவருக்கு அழைப்பு வந்தால் மூத்தவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவார். மூத்தவர் தன் வீட்டில், கூட இருப்பது ஒரு நாகப் பெண் என்று சொல்லியிருந்தார். இளையவர் தன் வீட்டில், கூட இருப்பது மிசோப் பெண் என்று சொல்லியிருந்தார். கலந்து பேசி முடிவெடுத்ததில்லை, தனித்தனியாக இருவரும் ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருந்தார்கள், பிறகு தெரிந்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்ததாம்.

ஜூலை 19-ஆம் தேதி அந்த வீடியோ வெளியான பிறகு (மெய்தி கும்பல் ஒன்று குக்கி-ஸோ பெண்கள் இருவரை நிர்வாணமாக நடத்திச் சென்றது) தமிழ்நாடு முழுக்க மணிப்பூர் என்ற பெயர் தெரிந்துவிட்டது. இதுவரை கொரியாவா, நேபாளமா என்று கேட்டவர்கள், நீங்க எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அனுதாபத்தில்தான் கேட்டார்கள், ஆனால் அனுதாபமும் ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறது. ஒரு வாடிக்கையாளர் இலங்கையின் 83 கலவரத்தோடு ஒப்பிட்டு மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபையில் மூத்தவரைப் பேசக் கூப்பிட்டார்கள். சென்னையில் அதுவரை கட்டாத தன் இனத்துப் புவானை, அந்தக் கோடு போட்ட நெசவுத் துணியை, எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். எரிந்த ஆலயங்களைப் பற்றிச் சொன்னார். சொன்னது எல்லாம் உண்மை என்றும், ஆனால் அறைத்தோழியைப் பற்றிச் சொல்ல அங்கே இடமே இல்லை என்றும் என்னிடம் பிறகு சொன்னார். அதே சமயம் இளையவர் மணிப்பூர் என்று சொல்வதையே நிறுத்திவிட்டார். அந்த வீடியோவுக்குப் பிறகு மெய்தி என்று தெரிந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் உடல் விறைக்கிறது என்றார். மறுபடி 'நார்த் ஈஸ்ட்', ஒரு கட்டத்தில் அசாம்.

மகளிர் தின வீடியோ

2024 மார்ச் 8. முதலாளியம்மா நல்ல மனுஷி, அதைச் சந்தேகப்பட வேண்டாம். மகளிர் தினத்துக்கு ஊழியர்களை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்தார். கடைசிக் காட்சியில் இருவரும் கைகோத்து நிற்க, 'மணிப்பூரில் பகை, எங்கள் கடையில் பாசம்' என்று எழுத்து. கடைப் பெயர், தெருப் பெயர், மணிப்பூர் என்ற குறிச்சொல், எல்லாம் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டார். எடுக்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள், ஏனென்றால் அந்த எழுத்து பிறகு சேர்க்கப்பட்டது.

அடுத்து வந்ததை ஊகிக்கலாம். மூத்தவரின் தம்பி போன் செய்து, நாகப் பெண் என்றாயே என்றான். முகாமில் அம்மாவை ஒருவர் குத்திக் காட்டினார். இளையவருக்குத் தெரியாத எண்களிலிருந்து செய்திகள் வந்தன, ஒன்றில் கடை இருக்கும் தெருவின் பெயரும் இருந்தது. இளையவரின் நண்பர் வட்டம் அவரைக் குழுவிலிருந்து நீக்கவில்லை, ஆனால் யாரும் பதில் போடுவதில்லை. ஐந்து வேறு வேறு இடங்களில் ஐந்து விதமாகச் சொல்லி நிம்மதியாக வைத்திருந்ததை ஒரே திரை எல்லோருக்கும் சேர்த்துக் காட்டிவிட்டது. மூத்தவர் எங்களைக் கூப்பிட்டது அப்போதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் இருவரிடமும் தனித்தனியாக, வேறு வேறு இடத்தில் பேசினேன், இந்தியிலேயே. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று முடிவு செய்தோம், மணிப்புரி தெரிந்த யாரைக் கொண்டுவந்தாலும் அவர் ஏதாவது ஒரு பக்கத்தின் காதாக இருப்பார்.

பேசியதில் எதிர்பாராதது வந்தது. மூத்தவர் வீடியோவை உடனே எடுக்கச் சொன்னார். இளையவர் இருக்கட்டும் என்றார். மிரட்டல் வந்ததே அவருக்குத்தான், ஆனாலும் இருக்கட்டும் என்றார். ஒன்பது மாதமாக அசாம்காரி என்று சொல்லி அலுத்துவிட்டது, ஒரு இடத்திலாவது நான் மெய்தி, இவள் என் இச்சே என்று தெரியட்டும் என்பது அவர் வாதம். நியாயமில்லாத வாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எடுப்பது என்றுதான் முடிவு செய்தோம். காரணம், சேதம் யாருக்கு எங்கே விழும் என்று பார்த்தது. மூத்தவரின் அம்மா முகாமில் அரிசிக்கும் மருந்துக்கும் அங்கே பொறுப்பில் இருப்பவர்களை நம்பி இருக்கிறார், அந்த நம்பிக்கை கெட்டால் சென்னையிலிருந்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இளையவருக்கு வந்த ஆபத்து சென்னையில், இங்கே நம்மால் ஏதாவது செய்ய முடியும். இதை அவரிடம் அப்படியே சொன்னோம். ஒப்புக்கொண்டார், சந்தோஷமாக இல்லை.

முதலாளியம்மாவை ஒப்புக்கொள்ளவைக்கத்தான் நேரம் பிடித்தது. நல்லதைத்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் வீடியோவை எடுத்தார், ஆனால் உடனே ஒரு விளக்கப் பதிவு போடுகிறேன் என்றார். அதைத் தடுத்தோம். விளக்கம் என்பது மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே பதில் சொல்வது, இங்கே சிக்கலே அதுதான். ஒரு யூடியூப் சேனல்காரர் பேட்டி கேட்டார், இரண்டு பெண்களின் நட்பு நல்ல கதை என்றார். மறுத்துவிட்டோம்.

போலீஸ் விஷயத்தில் பாதி வழி போனோம். செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு இளையவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் சி.எஸ்.ஆர் ரசீது (வழக்குப் பதியாமல், புகார் வந்ததற்கு மட்டும் தரும் ரசீது) மட்டும் வாங்கினோம். மூத்தவர் பெயர் அதில் வரக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். இரண்டு பெயரும் ஒரே காகிதத்தில் இருந்தால் அந்தக் காகிதம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. தெருவில் சில வாரம் ரோந்து வந்தது, அது உதவியது. எங்கள் மையத்தில் ஒருவர் உடனே இருவரையும் வேறு வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். அதை நாங்களாகச் செய்யவில்லை, அவர்கள் கேட்காததால்.

அதற்கு அப்புறம்

மிரட்டல் செய்திகள் ஏப்ரலில் நின்றுவிட்டன. ஊரில் மூத்தவர் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்ன கதை வேறு: வீடியோவில் இருப்பது கடையில் வேலை செய்யும் பெண், அறையில் இருப்பது நாகப் பெண்தான். அம்மா நம்பினாரா என்பது வேறு விஷயம், முகாமில் மற்றவர்களுக்குச் சொல்ல அம்மாவுக்கும் ஒரு பதில் கிடைத்தது.

ஜூனில் மூத்தவர் தன் சபைப் பெண்கள் இருவரோடு வேறு அறைக்குப் போனார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் கட்டாயம் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கடையில் இருவரும் தொடர்ந்து வேலை செய்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் இந்தியில் பேசிக்கொள்வார்கள், கடை மூடிய பிறகு மணிப்புரியில். ஆண்டுக் கடைசியில் மூத்தவருக்கு பெங்களூரில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்துக் கிளம்பினார். வீட்டுக்கார அம்மாவுக்கு நடந்தது எதுவுமே தெரியாது. அந்தக் கிறிஸ்டியன் பொண்ணு நல்ல பொண்ணு, ஏன் போயிட்டா என்று இளையவரிடம் கேட்டிருக்கிறார். மூத்தவர் கிறிஸ்டியன் என்பது அவருக்கு எப்போது, எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த முறை என்ன மாறும்

எங்கள் பதிவுப் படிவத்தில் 'இனம்/சமூகம்' என்ற கட்டம் இருந்தது. எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் 'இந்தத் தகவலை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது' என்ற கேள்வி வந்திருக்கிறது. வீடு, முதலாளி, சபை அல்லது சங்கம், ஊர், போலீஸ் என்று தனித்தனியாகக் கேட்கிறோம். நிரப்பக் கூடுதல் நேரம் ஆகிறது, ஆனால் வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிமிர்ந்து பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

கடைகளுக்கும் ஹாஸ்டல்களுக்கும் சொல்வது: படம் எடுக்கச் சம்மதம் வாங்கினால் போதாது, என்ன எழுத்தோடு, எங்கே, யார் கண்ணில் படும்படி போடப்போகிறீர்கள் என்பதற்கும் சம்மதம் வாங்குங்கள். ஊர்ப் பெயரைக் குறிச்சொல்லாகப் போடாதீர்கள். ஒரே மாநிலத்துக்காரர்கள் என்பதால் ஒரே அறையில் போடாதீர்கள், போட்டபின் ஒன்றாக இருக்கிறவர்களை நீங்களாகப் பிரிக்கவும் வேண்டாம்.

உதவி செய்ய வரும் சபைகள், கல்லூரிகள், அமைப்புகள் ஆகியோருக்கு: மேடையில் ஏற்றுவதற்கு முன் அவர் அறிமுகத்தை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் 'பாதிக்கப்பட்ட கிறிஸ்தவச் சகோதரி' என்று அறிமுகப்படுத்திய பிறகு அவரால் வேறு யாராகவும் பேச முடியாது.

தீராத ஒன்று உண்டு. யாருக்குச் சேதம் அதிகமோ அவர் சொல்வதைக் கேட்பது என்ற எங்கள் விதியை அடுத்த முறையும் வைத்துக்கொள்ளத்தான் போகிறோம். இளையவர் இதை ஏற்கவில்லை. இந்த ஆய்வைப் படித்துக் காட்டியபோதும் சொன்னார்: அந்த விதிப்படி பார்த்தால் மறைக்கச் சொல்கிறவர்தான் எப்போதும் ஜெயிப்பார், காட்ட வேண்டும் என்கிறவருக்கு உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. அதைப் படிவத்தில் எப்படிச் சேர்ப்பது என்று அவரையே கேட்டிருக்கிறோம். இன்னும் எழுதித் தரவில்லை.